டிராக்டரில் வந்த கடல்

நான் எம்.எஸ்சி. சேர்ந்தது மண்ணின் மேல் இருந்த ஆசையால் அல்ல. வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வகுப்பில் இருந்த எட்டுப் பேரும் அப்படித்தான் வந்து சேர்ந்தோம். மற்ற ஏழு பேர் சின்ன வயதிலிருந்தே கல், மண் என்றால் உயிர் என்று முதல் நாள் எழுந்து நின்று சொன்னார்கள். நான் மட்டும் உண்மையைச் சொன்னேன். அதனால் இரண்டு வருடமும் எனக்குக் கடைசி பெஞ்சுதான்.

2004இல் சேர்ந்தேன். படிப்பின் பெயர் நீளமானது, அதை விடுங்கள். பழைய காலத்தில் மழை எப்படிப் பெய்தது, கடல் எதுவரை வந்தது, எப்போது வறண்டது என்பதையெல்லாம் மண்ணைத் தோண்டிக் கண்டுபிடிக்கிற படிப்பு. எங்கள் ஊர் மரக்காணத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவுக்கு மல்லாட்டைதான் பயிர். நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் சேர்ந்த வாரமே அவர் கேட்டார்:

"மழையப் பத்திப் படிக்கிறேன்றியே, நாளைக்கு மல்லாட்டைய காயப் போடலாமா, வாணாமா?"

"அதெல்லாம் தெரியாதுப்பா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி பேஞ்ச மழையத்தான் படிக்கிறோம்."

"அந்த மழை திரும்பி வந்து நம்ம மல்லாட்டைய நனைக்கப் போவுதா?"

அவரே முடித்தார்: "ரெண்டு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது. மூணாவது வருஷம்னு வந்து நின்னேன்னா மல்லாட்ட புடுங்கத்தான் போவணும்."

அவர் மிரட்டவில்லை. தகவலாகச் சொன்னார். அது இன்னும் மோசம்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அதில் இழந்தவர்கள் குப்பங்களில் இருக்கிறார்கள். அதனால் எங்கள் துறையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதுவரை பழைய ஏரி, பழைய ஆறு என்று நிம்மதியாக இருந்த பேராசிரியர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் பழைய அலை வேண்டியிருந்தது. கரையோர மண்ணுக்குள் எங்காவது கடல் மணல் ஒரு அடுக்காகப் படிந்திருந்தால், முன்பொரு காலத்திலும் கடல் உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம். என் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ மரக்காணம் பக்கம்தானே? உப்பளத்துல ஒரு கோர் எடுத்துட்டு வா."

கோர் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு பிளாஸ்டிக் பைப்பைத் தரையில் அடித்து இறக்கி, உள்ளே ஏறிய மண்ணோடு வெளியே இழுப்பது. அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. நீளவாக்கில் அறுத்தால் மண் அடுக்கடுக்காகத் தெரியும். 2006 ஏப்ரலுக்குள் அதை வைத்து ஆய்வேடு எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு வருடம். இன்னொரு வருடம் என்றால் மல்லாட்டை.

2005 ஆகஸ்ட் மாதம் பைப்போடு பஸ் ஏறினேன். பைப்பு என்னைவிட உயரம். கூர்மையாக இருக்கிறது என்று இரண்டு யூரியா சாக்குகளைப் பிரித்து அதைச் சுற்றியிருந்தேன். பாண்டிச்சேரியிலிருந்து கூனிமேடு வரை கண்டக்டர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, இத லாரியில போட்டு எடுத்தாரக் கூடாதா? அந்தப் பெரியவரு மூக்குல குத்தியிருக்கும்."

"குத்தலயே?"

"குத்துனப்புறம் கேக்கச் சொல்றியா?"

மரக்காணம் உப்பளத்தில் எனக்கு வேண்டியது யாரும் கை வைக்காத தரை. குத்தகைதாரரிடம் கேட்டேன். "மண்ணுதான? எடுத்துக்கோ. உப்புல கைய வெக்காத" என்றார். நானே சுற்றிப் பார்த்து ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற பாத்திகளெல்லாம் வெள்ளையாக மின்னிக்கொண்டிருக்க, அது மட்டும் மேடாக, உப்பு மண்ணில் முளைக்கிற உமரிச் செடி மண்டி, பல காலமாக மனிதக் கால் படாதது போல் கிடந்தது. இதுதான் கன்னி நிலம் என்று முடிவு செய்தேன். எப்படி முடிவு செய்தேன் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

பைப்பை நட்டுச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா தலைக்கூடையை இறக்கிவிட்டு வந்து நின்றார். நாற்பது வயதுக்குள் இருக்கும். காலில் உப்பு வெடிப்பு. வாயில் வெற்றிலை.

"போரு போடுறியா பொண்ணு? இங்க நல்ல தண்ணி வராது."

"போரு இல்லக்கா. ஆராய்ச்சி."

"ஆராய்ச்சிக்கு இந்தப் பாத்திதான் கெடச்சுதா? இது வந்து..."

"அக்கா, இது சயின்ஸ். உங்களுக்குப் புரியாது."

இதை நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அந்த அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புருஷனைக் கூப்பிட்டார். பைப்பை அடித்து இறக்குவது சுலபம், இழுப்பதுதான் கஷ்டம். சேறு விடாது. அவர்கள் இரண்டு பேரும் கயிறு கட்டி, மூங்கிலைக் கொடுத்து நெம்பித் தூக்கிக் கொடுத்தார்கள். நான் பைப்பில் மேல் பக்கம் எது என்று அம்புக்குறி போட்டேன். என் பங்கு அவ்வளவுதான்.

திரும்பும்போதும் அதே கண்டக்டர். சாக்கில் சுற்றிய பைப்பிலிருந்து சேறு சொட்டியது. "இன்னாம்மா, போவும்போது காலியா போச்சு, வரும்போது எவனயோ உள்ள போட்டு எடுத்தார்றியே" என்றார். பஸ்ஸே சிரித்தது.

கல்லூரியில் பைப்பை அறுத்துத் திறந்தபோது நானே வாயைப் பிளந்துவிட்டேன். மேலே ஒரு முழத்துக்கு மேல் கோடுகள். கருப்பு, சாம்பல், கருப்பு, சாம்பல் என்று ஸ்கேல் வைத்து வரைந்தது போல. எண்ணினேன், பதினோரு ஜோடி. அதற்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்குச் சுத்தமான மணல். அதற்கும் கீழே கெட்டிக் களிமண். மணலை நுண்ணோக்கியில் வைத்தால் கடலில் மட்டும் வாழ்கிற பொடிப்பொடி உயிர்களின் ஓடுகள்.

பேராசிரியரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர். சட்டை மடிப்புக் கலையாது. ஷூவில் தூசி இருக்காது. மண்ணைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவார், மண்ணில் இறங்கி நான் பார்த்ததில்லை. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கடல் வந்திருக்கும்மா! ஒரே அலை. அதுக்கப்புறம் பதினோரு வறட்சி, பதினோரு நல்ல மழைக்காலம். எவ்வளவு அழகான ரெக்கார்டு!"

"எத்தனை வருஷத்துக்கு முன்னாடி சார்?"

வயதைக் கணிக்க வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு வழியில்லை. அவர் கண்ணை மூடி யோசித்தார். "ரெண்டாயிரம் போடு" என்றார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த மணலைச் சலிக்கும்போது உள்ளே ஒரு வெள்ளை நார் கிடந்தது. பிளாஸ்டிக். உரச்சாக்கிலிருந்து பிரியுமே, அந்த மாதிரி. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ஏது உரச்சாக்கு? நான் பைப்பைச் சுற்றிய சாக்கிலிருந்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன். இடுக்கியால் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். நோட்டில் எழுதவில்லை. மனம் உறுத்தவும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்கக் கடற்கரை மணல் வேண்டும் என்று எக்கியார்குப்பம் போனேன். அங்கே ஒருவர் படகு என்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதற்கு மணல் என்று கேட்டார். சொன்னேன்.

"முன்னாடியும் வந்துச்சுன்னா, அடுத்தது எப்ப வரும்னு சொல்லிடுவியா?"

"சொல்ல முடியாதுங்க."

"அப்ப வந்துச்சுன்னு மட்டும் சொல்லுவியா?"

"ஆமாங்க."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நல்லாப் பாத்துச் சொல்லும்மா. இங்க இன்னும் பாதிப் பேரு தூங்குறதில்ல. நீ பாட்டுக்கு ஏதாவது சொல்லி, அது பேப்பர்ல வந்துச்சுன்னா மீதிப் பேரும் தூங்க மாட்டாங்க."

சிரித்துக்கொண்டு போயிருந்த நான் சிரிக்காமல் திரும்பினேன். மணல் ஒத்துப்போனது. அதே ஓடுகள், அதே நிறம். பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. மார்ச் மாதம் துறைக் கருத்தரங்கில் நான் இதைப் பேச வேண்டும், பத்திரிகைக்காரர்களையும் கூப்பிடப் போகிறேன் என்றார். ஒரு கோர் போதாது, உறுதிப்படுத்த அதே பாத்தியில் இன்னொன்று எடுத்து வா என்றும் சொன்னார். அது ஒன்றுதான் அவர் உருப்படியாகச் சொன்னது.

மழைக்காலம் முடிந்து 2006 பிப்ரவரியில் போனேன். உப்பளத்தில் அப்போதுதான் வேலை தொடங்கியிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் ஈரப் பாத்தியில் வரிசையாக நின்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் மணல் குவிந்து கிடந்தது. இரண்டு பேர் உரச்சாக்கில் மணலை அள்ளி வந்து மிதித்த களிமண்ணின் மேல் விசிறினார்கள். திரும்பவும் மிதித்தார்கள்.

வரிசையில் அந்த அக்கா இருந்தார். பைப்பை வரப்பில் போட்டுவிட்டு அவரிடம் போனேன்.

"அக்கா, எதுக்கு மணல் போடுறீங்க?"

"போடலன்னா உப்ப வாரும்போது சேறும் சேந்து வரும். எவன் வாங்குவான்? மணல் போட்டு மெதிச்சாதான் தரை கெட்டியாவும், உப்பு வெள்ளையா வரும்."

"எல்லாப் பாத்தியிலயும் போடுவீங்களா?"

"போடாம?"

"அந்த மூலையில இருக்கே, உமரிச் செடி முளைச்ச பாத்தி. அதுலயும்...?"

"அத நான்தான் மெதிச்சேன். மூத்த பொண்ணு அப்ப வயித்துல. குப்பத்துலேர்ந்து டிராக்டர்ல மணலு வந்துச்சு, நாலு நாளு மெதிச்சோம். என்னா மெதிச்சு என்னா? தண்ணி நிக்கல. மொதலாளி கை கழுவிட்டாரு. அதுலேர்ந்து வருஷா வருஷம் வாய்க்கால் தூர் வாருற சேத்தையெல்லாம் அங்கதான் கொட்டுறோம்."

"வருஷத்துக்கு ஒரு தடவையா?"

"ஒரு தடவதான். அடியில இருக்குற கருப்புச் சேறு ஒரு நாளு, மேல ஒதுங்குற சாம்பல் மண்ணு ஒரு நாளு."

"எத்தனை வருஷமா?"

அக்கா விரல் விட்டார். பத்து விரலும் முடிந்து ஒன்றில் நின்றது.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வறட்சி, பதினோரு மழைக்காலம். என் இரண்டாயிரம் வருட அலைக்கு அக்காவின் மூத்த பெண்ணின் வயதுதான்; ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றார் அக்கா. "சயின்ஸுன்னுட்ட."

வரிசையே மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தது. கோபம் தலைக்கு ஏறியது. யார் மேல் என்று தேடிப் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் கிடைக்கவில்லை.

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னேன். கருத்தரங்குக்கு இரண்டு வாரம் இருந்தது. அழைப்பிதழ் அச்சாகி மேஜை மேல் இருந்தது.

"உப்பளத்துல வேலை செய்யுற அம்மா சொல்றது டேட்டா ஆகாதும்மா."

"மிதிச்சதே அவங்க கால்தான் சார். அதைவிட என்ன டேட்டா வேணும்?"

"அவங்க சொல்றது வேற பாத்தியா இருக்கலாம்."

"அப்ப வாங்க சார், நேர்ல பாக்கலாம்."

அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். மடிப்புக் கலையாத சட்டையோடும் அந்த ஷூவோடும் வந்தார். வரப்பிலிருந்து நேராக, முந்தின நாள் மிதித்து முடித்த பாத்தியில் இறங்கினார். எங்கிருந்தோ அக்காவின் குரல் வந்தது.

"ஏங்க! ஏங்க சாரு! ஷூவோட பாத்தியில ஏறுறீங்களே, அறிவு இருக்குதா? நாலு நாளு மெதிச்சிருக்கோம்!"

அவரை அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று ஷூவைக் கழற்றப் பார்த்தார். ஈரக் களிமண். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தார். நான் தூக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்கே எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

எழுந்தபோது அவர் உள்ளங்கையில் பாத்தியின் மேல்மணல் ஒட்டியிருந்தது. பழக்கதோஷத்தில் பையிலிருந்த லென்ஸை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அதே ஓடுகள், அதே நிறம். பிறகு வெறுங்காலோடு உமரிச் செடி மேட்டுக்குப் போய், அக்காவின் புருஷன் மண்வெட்டியால் வெட்டிக் காட்டிய குழிக்குள் எட்டிப் பார்த்தார். கோடுகள், மணல், களிமண். மணலுக்குள்ளிருந்து வெள்ளை நார் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவரே பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. கடைசியில் சாக்கின் மூலையே வந்தது.

"இது உன்னோட கோர்தானே?" என்றார் என்னிடம். நேற்று வரை "நம்ம கோர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அழைப்பிதழ்கள் கொளுத்தப்பட்டனவா, குப்பைக்குப் போயினவா என்று எனக்குத் தெரியாது. கருத்தரங்கில் வேறு யாரோ வேறு எதைப் பற்றியோ பேசினார்கள். பத்திரிகையில் எதுவும் வரவில்லை. எக்கியார்குப்பத்தில் அதற்கு மேல் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். ஏனென்றால் ஆய்வேடு கொடுக்க ஆறு வாரம்தான் இருந்தது, என் கையில் இருந்ததோ வாய்க்கால் சேறு.

அக்காவிடமே போய் நின்றேன். இந்த முறை கேட்டேன். "யாருமே மிதிக்காத, கொட்டாத, தோண்டாத இடம் எதுக்கா?"

"இப்பதான் கேள்வி கேக்குற" என்றார். கழுவெளி ஏரிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் கூட்டிப்போனார். புருஷன் சம்மட்டி அடித்தார். பைப்பு வெளியே வந்தது. கல்லூரியில் அறுத்துப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே கருப்புச் சேறு. கோடு இல்லை, மணல் இல்லை, அலை இல்லை. நாற்றம் மட்டும் இருந்தது. வகுப்பில் ஒரு வாரத்துக்கு யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. கடைசி பெஞ்சில் ஏற்கெனவே யாரும் உட்காருவதில்லை, அது வேறு.

இருந்ததை எழுதினேன். உப்பளத்துக்காரர்கள் போட்ட மணலை எப்படிப் பழைய கடல் மணல் என்று நினைத்து ஏமாந்து போகலாம், ஏமாறாமல் இருக்க எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று. ஏமாந்தவளுக்குத்தான் அதை நன்றாக எழுத வரும்.

மே மாதம் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"பழைய காலநிலை பத்திப் படிச்சிருக்கீங்க. என்ன மாற்றம் கண்டுபிடிச்சீங்க?"

"பதினோரு தடவை வாய்க்கால் தூர் வாரியிருக்காங்க சார்."

என் பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். தேர்வாளர் சிரிக்கவில்லை. "முதல் கோர்லயே இது தெரிஞ்சிருக்கணுமே? ஒரு தடயமும் இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த என்ஜின்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தது ஞாபகம் வந்தது.

"இருந்துச்சு சார். சாக்கு நார் ஒண்ணு இருந்துச்சு. நான்தான் எடுத்துக் குப்பையில போட்டேன். எழுதல."

மல்லாட்டைச் செடி என் கண் முன்னால் வரிசை வரிசையாக நின்றது. தேர்வாளர் பேனா மூடியைத் திறந்தார்.

"அதை ஒரு பக்கம் எழுதிச் சேருங்க. அந்த மணல் எங்கேர்ந்து எப்படி வந்ததுன்னும் ஆதாரத்தோட எழுதுங்க. பத்து நாள்ல கொடுத்தா பாஸ்."

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். அப்பா பக்கத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா படிச்சியே, இன்னாதான் கண்டுபுடிச்ச?"

"உப்பளத்துல மணல் போட்டு மிதிப்பாங்கன்னு கண்டுபிடிச்சேன்பா."

அவர் உரிப்பதை நிறுத்தினார். "இதுக்கா ரெண்டு வருஷம்? உங்க சித்தப்பன் டிராக்டர்தான குப்பத்துலேர்ந்து மணலு ஓட்டுச்சு? மூலப் பாத்திக்கு ரெண்டு நட. நான்தான் கூடப் போய் எறக்கிட்டு வந்தேன். என்ன ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

பேனாவை எடுத்து, ஆதாரம் என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்: மணலை இறக்கியவரின் நேர்முக வாக்குமூலம். நடை இரண்டு. தேதி கேட்டேன். "மல்லாட்ட வெதச்ச மறுநாளு" என்றார். அதையும் அப்படியே எழுதினேன்.

பேராசிரியர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.